கை தூக்காத பிள்ளை

என் வேலை "தொடாதே" என்று சொல்வது. காலையில் அருங்காட்சியகத்தின் பாலூட்டிகள் கூடத்தைத் திறந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன் என்றால், மாலையில் பூட்டும்வரை அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என் பிழைப்பு. இங்கே வகுப்பெடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் வேலை அதற்கு நேர் எதிர். பள்ளிப் பிள்ளைகளை "வா, தொட்டுப் பாரு" என்று கூப்பிடுவது. ஒரே கூடத்தில் இப்படி இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகத்தை மெச்சத்தான் வேண்டும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் கண்ணாடியெல்லாம் கைரேகை, தரையெல்லாம் மண். துடைக்கிறவள் நான். ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் துணியை எடுத்து அவரே கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் தெரியாமல் துடைத்து இன்னும் அழுக்காக்கி வைத்தார். அதற்குமேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

கல்விப் பிரிவு என்று பலகை மாட்டியிருக்கிறது. அந்தப் பிரிவில் இருப்பது அவர் ஒருவர்தான். பிள்ளைகள் வைத்த பெயர் கொம்பு சார். கூடத்தின் நடுவில் பாடம் செய்த ஆண் எல்க் ஒன்று நிற்கிறது. குளிர்நாட்டு மலைக்காடுகளில் திரியும் பெரிய மான் அது. குதிரை உயரம், தலைக்குமேல் கிளை கிளையாகக் கொம்பு. அதே அளவில் அட்டையில் ஒரு ஜோடிக் கொம்பு வெட்டி, பழைய தொப்பியில் தைத்து, அதை மாட்டிக்கொண்டுதான் வகுப்பெடுப்பார். கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பி நுழைவார். பிள்ளைகள் அங்கேயே விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிடும். எவனாவது கொஞ்சம் அலட்டினால் நம் ஊரில் என்ன கேட்போம்? உனக்கென்ன தலையில் கொம்பா முளைத்திருக்கிறது என்று கேட்போம். இவரிடம் அதைக் கேட்க முடியாது. ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

பாடம் எனக்கே மனப்பாடம். மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு, என்ன வித்தியாசம் என்று முதலில் கேட்பார். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். மாட்டுக் கொம்பு சொந்த வீடு, ஆயுசுக்கும் ஒன்றுதான். மான் கொம்பு வாடகை வீடு, வருஷா வருஷம் காலி செய்துவிட்டுப் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பார். பிறகு, உதிர்ந்த நிஜ எல்க் கொம்பு ஒன்றைக் கையில் கொடுப்பார். தூக்க முடியாமல் தூக்கி, இத்தனை கனத்தையா உதிர்த்துவிட்டு மறுபடியும் முளைக்க வைக்கிறது என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அடுத்தது சொந்தபந்தம். மூஸ், ரெயின்டீர், கடமான், புள்ளிமான் எல்லாம் ஒரே குடும்பம். ரெயின்டீர் வீட்டில் மட்டும் அம்மாவுக்கும் கொம்பு உண்டு. வெளிமான் என்று பெயர் இருக்கிறதே தவிர அது இந்தக் குடும்பமே இல்லை, அதன் கொம்பு உதிராது. கேளையாடு பெயரில்தான் ஆடு, உண்மையில் மான். பெயரை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று முடிப்பார்.

கடைசியில் விளையாட்டு. அதற்காகத்தான் பள்ளிக்கூடங்கள் எங்கள் கூடத்தைத் தேடி வந்தன. எல்க் குட்டி பிறந்த புதிதில் ஓட முடியாது. புல்லுக்குள் அசையாமல் படுத்திருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம். உடம்பில் வாசனைகூட அவ்வளவாக இராது. அம்மா பக்கத்திலேயே நின்றால் ஓநாய்க்கு இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அதனால் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். காட்டில் தனியாகக் கிடக்கிற குட்டியைப் பார்த்து ஐயோ பாவம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், தனியாக இருக்கிறது என்றால் அநாதை என்று அர்த்தமில்லை என்பார். இதை மட்டும் இரண்டு தரம் சொல்வார்.

சொல்லிவிட்டு, சுண்ணாம்பால் புள்ளி வைத்த பழுப்புப் போர்வை ஒன்றை எடுப்பார். ஒரு பிள்ளை குட்டியாகிப் போர்வைக்குள் படுக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் வேற்று அம்மாக்கள். சும்மா கூப்பிட்டு ஏமாற்றுவார்கள். கொம்பைக் கழற்றி வைத்துவிட்டு நிஜ அம்மாவாக அவர். ஓநாய் யார் என்கிறீர்களா? அடியேன்தான். முதலில் பிள்ளைகளைத்தான் ஓநாயாக்கினார். அவர்கள் குட்டியின் காலைப் பிடித்து இழுத்து ரகளை செய்ததில், பொறுப்பான ஓநாய் வேண்டும் என்று என்னிடம் வந்தார். இந்த வயதில் எனக்கு வந்த பதவி உயர்வு அது ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்தில்கூட யாராவது ஒரு வாண்டு "ஓநாய் ஆன்ட்டி" என்று கூப்பிடும்.

ஓநாய் சுற்றி வரும்போது, குட்டி இருக்கும் பக்கம் அம்மா திரும்பியே பார்க்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. காட்டிலும் அப்படியா என்று ஒருமுறை கேட்டேன். காட்டில் கிட்டப் போகாது, அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காதது என் சொந்தச் சரக்கு என்றார். வேற்று அம்மாக்கள் கூப்பிட்டால் குட்டி எழக் கூடாது. கடைசியில் அவர் மூக்கால் ஒரு மெல்லிய முனகல் கொடுப்பார். அதற்கு மட்டும்தான் எழுந்து ஓடி வர வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார் குட்டி என்று கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போகும். கை தூக்கினவர்களை அவர் எடுக்க மாட்டார். கை தூக்காத பிள்ளையைத்தான் கூப்பிடுவார். அசையாமல் இருக்கத் தெரிந்தது அதுதானே என்பார்.

இவ்வளவும் கூடத்துக்குள். வெளியே அவருக்கு யாருமில்லை. மனைவி பிரிந்துபோய் ஐந்து வருஷம். அடிதடி இல்லை, குடி இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக நல்லவர்கள், சேர்ந்தால் மட்டும் ஆகாது. அப்படிச் சில ஜோடிகள் அமைந்துவிடுகின்றன. ஒரே மகள் அம்மாவோடு. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பூங்காவில் அப்பாவைப் பார்ப்பாள். அவருக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடினால் கட்டில் நடுங்கும். ஒரே தட்டு, ஒரே டம்ளர். வாசலில் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. மகள் வந்தால் போட்டுக்கொள்ள வாங்கியது. அவள் அந்த அறைக்கு வந்ததே இல்லை. செருப்பு புதிதாகவே இருந்தது, அவள் காலுக்கு இனி சேராது. என் வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரு தொலைக்காட்சியும் போடும் சத்தத்தில் எனக்குத் தலை வெடிக்கும். அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போய் அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருஷம் அந்த ஞாயிறுகளும் நின்றுபோயின. ஒருமுறை டியூஷன், ஒருமுறை வயிற்றுவலி, ஒருமுறை தோழிக்குப் பிறந்தநாள். அப்படிப்பட்ட ஞாயிறுகளில் அவர் விடுமுறையென்றும் பாராமல் அருங்காட்சியகத்துக்கு வந்து, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து எல்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் சும்மா இருப்பதை இங்கே சும்மா இருக்கிறேன் என்று சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஒருநாள் மதியம் அவருக்கு ஒரு போன் வந்தது. படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்து, எல்க் நிற்கும் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். அதில் யாரும் உட்காரக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். பேசியது மனைவி. மறுநாள் வரப்போகும் வகுப்பு மகளுடைய வகுப்பு. நல்ல விஷயம்தானே, அதற்கு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன்.

"கிளாஸ்ல அப்பா செத்துட்டார்னு சொல்லி வெச்சிருக்கா அக்கா," என்றார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் அந்த அம்மாவைத்தான் திட்டினேன். அவள் மேல் தப்பில்லை என்றார். டீச்சர் ஒருநாள், தனியாளாக வளர்க்கிறீர்களே என்று அனுதாபப்பட்டபோதுதான் அவளுக்கே தெரிந்ததாம். மகளைக் கேட்டிருக்கிறாள். பிரிந்திருக்கிறார்கள் என்று சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செத்துவிட்டார் என்றால் அதோடு விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னாளாம் பெண். பத்து வயதுப் பிள்ளையின் கணக்கு. அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அனுப்பாமல் நிறுத்திவிடலாம் என்றால் போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாளாம். அதனால் நீங்கள் லீவ் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள் அந்த அம்மா. நானும் அதையேதான் சொன்னேன். ஒரு வார்த்தை தவறி வாயில் வந்தாலும் போதும், உயிரோடிருக்கும் அப்பாவைக் கொன்றவள் என்று வகுப்பே அந்தப் பெண்ணைக் கேலி செய்து தின்றுவிடும். அதற்குப் பிறகு அவள் இவர் முகத்தில் விழிப்பாளா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"லீவ் போட முடியாது அக்கா. ஃப்ரெண்ட்ஸோட அவ எப்படிச் சிரிப்பா, எப்படி ஓடுவான்னு நான் பார்த்ததே இல்ல. என்கிட்ட வந்தா பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருப்பா. யாரோ மாதிரி நின்னு பார்த்துக்கறேன். காட்டிக்க மாட்டேன்."

மறுநாள் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தபோது யாரும் காட்டாமலே எனக்கு அவளைத் தெரிந்தது. அதே புருவம், அதே முன்பக்கம் தள்ளின காது. இருப்பதிலேயே உயரமான ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இடம் பார்த்து நின்றுகொண்டாள். அவர் வழக்கம்போலப் பக்கவாட்டில் நுழைந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு நொடி பிந்தி.

நன்றாகத்தான் நடத்தினார். எப்போதையும்விட நன்றாக நடத்தினார் என்றுகூடச் சொல்வேன். வாடகை வீட்டுக்குச் சிரிப்பு வந்தது, ரெயின்டீர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நிஜக் கொம்பைச் சுற்றுக்கு விட்டபோது அவளும் தன் முறைக்கு வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் குலுங்கினார்கள். அவர் மூஸைப் பற்றிப் பேசிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டார். பேச்சு ஓர் இடத்தில் நின்று மறுபடி தொடங்கியது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

வினை விளையாட்டில் வந்தது. மனதில் ஆயிரம் ஜாக்கிரதை இருந்தாலும் வாய் பழக்கத்தில் ஓடிவிடும். போர்வையை எடுத்தார், யார் குட்டி என்று கேட்டார், காடு முளைத்தமாதிரி கைகள் மேலே போயின. "கை தூக்காத பிள்ளை யாரோ அவங்கதான் குட்டி" என்று சொல்லியும் விட்டார். சொன்ன பிறகுதான் பார்த்தார். கண்ணில் படக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளைதான்.

வேறு யாரையாவது கூப்பிட அவர் வாயைத் திறப்பதற்குள், இவள்தான் தூக்கவில்லை என்று டீச்சர் அவளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். பாவம், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு ஒரு நல்லது செய்வதாக நினைப்பு. அவள் போய்ப் படுத்தாள். அவர் போர்வையை விரித்து மேலே போட்டார். கை பட்டதா படவில்லையா என்று தெரியாதபடி போட்டார். தொப்பியைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

நான் ஓநாயாகச் சுற்றி வந்தேன். மற்ற நாட்களில் முறைத்து, உறுமி, பிள்ளைகளை அலற வைப்பேன். அன்றைக்கு உறுமல் வரவில்லை. போர்வைக்குப் பக்கத்தில் போனபோது அது நடுங்குவது தெரிந்தது. விளையாட்டுக்கு நடுங்குகிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். வேற்று அம்மாக்கள் மூன்று பேரும் கத்திக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குட்டி எழவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் முனகினார். குட்டி எழவில்லை. இன்னொருமுறை முனகினார், அப்போதும் எழவில்லை. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே போர்வையை எடுக்கப் போனாள்.

அழுத முகம் வெளியே தெரிந்துவிட்டால் என்னடி, ஏண்டி என்று ஆரம்பித்து எல்லாம் வெளியே வந்துவிடும். அது அவருக்குப் புரிந்த மாதிரியே எனக்கும் புரிந்தது. அவர் சட்டென்று குறுக்கே வந்து, ஓநாய் இன்னும் இங்கேதான் நிற்கிறது, புத்திசாலிக் குட்டி அதனால்தான் எழவில்லை, காட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்வரை எழாது, எல்லோரும் சத்தமில்லாமல் பறவைகள் கூடத்துக்குப் போனால்தான் இது எழுந்து வரும் என்றார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. நுனிக்காலில் நடந்து போனார்கள். டீச்சர் தயங்கினாள். நான் இருக்கிறேன், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளையும் அனுப்பிவைத்தேன்.

கூடம் அமைதியானது. அவர் மறுபடியும் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் போயாச்சா?" என்று போர்வை கேட்டது.

"போயாச்சு."

"ஓநாய் ஆன்ட்டி?"

"அவங்க நம்ம ஆளு."

மூக்குவரைக்கும் போர்வையை இறக்கினாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வகுப்பில் நான் சொன்னதை அம்மா உங்களிடம் சொல்லிவிட்டார்களா என்று அவரைக் கேட்டாள். சொன்னார்கள் என்றார். கோபமா என்றாள். இல்லை என்றார். அது பொய்யில்லை, எனக்குத் தெரியும். கோபப்படத் தெரிந்திருந்தால் அந்த மனுஷன் பாதிக் கஷ்டத்திலிருந்து எப்போதோ தப்பித்திருப்பார்.

"பார்க்குக்கு எதிர்லதான்பா என் ஃப்ரெண்டு வீடு. மாடியிலேருந்து பார்த்தா எல்லாம் தெரியும். அதான் நான் வரல."

டியூஷன், வயிற்றுவலி, பிறந்தநாள் எல்லாம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தன. செத்துப்போன அப்பாவோடு பூங்காவில் எப்படி உட்காருவாள்?

"இப்ப அது பொய்னு எப்படிப்பா சொல்றது?" என்றாள். "செத்துட்டார்னு சொன்னதுக்கப்புறம்?"

எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். எல்க்குக்கு எத்தனை வயிறு, மூஸ் நீந்துமா, எதைக் கேட்டாலும் பட்டென்று வரும். இந்தக் கேள்விக்கு மட்டும் சுவரை விட்டுத் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு முழ இடைவெளி விட்டு உட்கார்ந்தார்.

"சொல்ல வேண்டாம்," என்றார். "அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்குப் போவ இல்ல, அங்க உயிரோட வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. அதுவரைக்கும் என்று கேட்டாள். அதுவரைக்கும் தூரமாக வேறு பூங்கா ஒன்று பார்க்கிறேன், பேருந்தில் போக வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்று தலையாட்டினாள். அவர் கைக்குட்டையைக் கொடுத்து மூக்கைச் சிந்தச் சொன்னார். கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. பறவைகள் கூடத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்கவே, நான் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டேன். முகம் துடைக்கும்போது, அவர் தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டாள். டப்பாவில் கொண்டு வருவதைச் சாப்பிடுகிறார் என்றேன். தனியாகவா என்றாள். நான் துண்டை உதறுவதுபோல இருந்துவிட்டேன்.

கிளம்பும்போது பிள்ளைகள் வரிசையாக வந்து, நிஜக் கொம்பைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு "தேங்க்யூ சார்" சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவர் கதவருகில் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்துப் போ, படியில் ஓடாதே என்று ஏதாவது சொன்னார். அவள் முறை வந்தது. கொம்பைத் தடவினாள்.

"தேங்க்யூ சார்," என்றாள்.

"பார்த்துப் போம்மா," என்றார்.

வரிசை படியிறங்கியது. டீச்சர் மட்டும் பின்தங்கி நின்று, நல்ல பாடம் என்று நன்றி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பொண்ணு எழுந்துக்காம அடம்பிடிச்சதைத் தப்பா எடுத்துக்காதீங்க சார். அவளுக்கு அப்பா இல்ல. தவறிட்டார். அதனால கொஞ்சம் அப்படித்தான் இருப்பா."

அவர் கையில் இருந்த கொம்பைக் கீழே வைத்தார்.

"அப்படிங்களா," என்றார். "நல்லாப் பார்த்துக்குங்க டீச்சர்."